அந்தமானுக்கு முதல் முறை குடும்பத்தோடு போகிறவர்களுக்கு

2024 ஜனவரியில், பொங்கல் முடிந்த மறுவாரம், நாங்கள் ஐந்து பேர் மதுரையிலிருந்து கிளம்பி அந்தமான் போய்வந்தோம். நான், என் கணவர், ஆறாம் வகுப்பு படித்த மகள், ஒன்றாம் வகுப்பு மகன், அப்புறம் அத்தை. அத்தைக்கு வயது அறுபத்தெட்டு. இரண்டு முழங்காலிலும் வலி. அதுவரை கடலை ராமேஸ்வரத்திலும் திருச்செந்தூரிலும் மட்டும் பார்த்தவர்.

வந்ததிலிருந்து சொந்தக்காரர்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும் கேட்கிற கேள்விகள் ஒரே மாதிரி இருக்கின்றன. எத்தனை நாள் வேண்டும், பெரியவர்களைக் கூட்டிப் போகலாமா, எதை முதலில் பதிவு செய்வது? ஒவ்வொருவருக்கும் போனில் சொன்னதை இங்கே வரிசையாக எழுதிவிடுகிறேன்.

எங்களுக்கு முதலில் ஒரு பயண முகவர்தான் திட்டம் போட்டுத் தந்தார். ஐந்து நாளில் பதினொரு இடம். ராதாநகர் கடற்கரைக்கு மாலை ஐந்து மணி என்று அதில் எழுதியிருந்தது. என் கணவர் ஏதோ யோசனையில் அந்த ஊரில் சூரியன் மறையும் நேரத்தைப் போனில் தேடினார். ஐந்தேகால்! இந்திய நேரம்தான், ஆனால் தீவு அவ்வளவு கிழக்கே இருப்பதால் எல்லாமே நமக்கு முன்னால் நடந்துவிடுகிறது. டிசம்பரில் ஐந்து மணிக்கே மறைந்துவிடும். அந்தத் திட்டப்படி போயிருந்தால் அத்தையைக் கைத்தாங்கலாக மணலில் இறக்குவதற்குள் இருட்டியிருக்கும். அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு நாங்களே உட்கார்ந்து போட்டோம்.

அப்போது புரிந்ததுதான் இந்தக் கட்டுரை முழுக்க வரும். அங்கே ஒரு நாளை எப்படி நடத்துவது என்பதை மூன்று நேரங்கள் முடிவு செய்கின்றன: படகு கிளம்பும் நேரம், சூரியன் மறையும் நேரம், கடல் ஏறி வற்றும் நேரம். இவற்றை முதலில் எழுதிக்கொண்டு, மிச்சத்தில் நம் ஆசைகளைப் பொருத்தினால் அலைச்சல் பாதியாகக் குறையும்.

படி 1: மாதத்தையும் நாள் எண்ணிக்கையையும் முடிவு செய்யுங்கள்

மே இரண்டாம் பாதியிலிருந்து அங்கே தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலில் புயல் உருவானால் படகுகளை நிறுத்திவிடுவார்கள். குழந்தைகளோடு போக ஜனவரி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை நல்ல காலம். அரையாண்டு விடுமுறையில் போக நினைத்தால் கூட்டத்துக்கும் விமானக் கட்டணத்துக்கும் தயாராக இருங்கள். நாங்கள் பள்ளியில் நான்கு நாள் விடுப்பு சொல்லித்தான் போனோம். அதற்காக எனக்கு வருத்தம் இல்லை.

நாள் கணக்கு: குறைந்தது ஆறு இரவு. தலைநகரான போர்ட் பிளேரில் இரண்டு, ஹேவ்லாக் தீவில் இரண்டு, நீல் தீவில் ஒன்று, திரும்ப போர்ட் பிளேரில் ஒன்று. அந்தக் கடைசி இரவை வெட்டி மிச்சம் பிடிக்கலாம் என்று தோன்றும். வெட்டாதீர்கள். காலையில் தீவிலிருந்து படகு, மதியம் விமானம் என்று திட்டம் போட்டு, கடல் கொந்தளித்துப் படகு ரத்தானால் விமானமும் போய்விடும். எங்களோடு ஜெட்டியில், அதாவது படகுத் துறையில், காத்திருந்த ஒரு திருப்பூர்க் குடும்பத்துக்கு முந்தைய பயணத்தில் அப்படித்தான் நடந்ததாம். சொல்லும்போது அந்த அம்மாவுக்கு இன்னும் குரல் கம்மியது.

பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2018 டிசம்பரில் ஹேவ்லாக் ஸ்வராஜ் தீவு ஆயிற்று, நீல் ஷஹீத் தீவு ஆயிற்று, ராஸ் தீவுக்கு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் பெயர் வந்தது. நாங்கள் போய்வந்த ஆண்டின் செப்டம்பரில் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. பயணச்சீட்டில் புதுப் பெயர் இருக்கலாம், ஆட்டோக்காரர் பழைய பெயரைச் சொல்லலாம். இரண்டையும் தெரிந்து வைத்துக்கொண்டால் ஜெட்டியில் குழப்பம் வராது. நான் இங்கே பழகிய பெயர்களையே எழுதுகிறேன்.

படி 2: விமானச் சீட்டு

சென்னையிலிருந்து நேரடி விமானம் இருக்கிறது. இரண்டேகால் மணி நேரம். சென்னை, விசாகப்பட்டினம், கொல்கத்தாவிலிருந்து அரசுக் கப்பலும் போகிறது. ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். கப்பல் பயணத்தில் எனக்கும் ஆசை உண்டு, ஆனால் வயதானவரோடும் சின்னக் குழந்தையோடும் முதல் தடவை வேண்டாம்.

ஜன்னலோர இருக்கை கேளுங்கள். இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் கீழே பச்சைத் தீவுகளும், அவற்றைச் சுற்றி வெளிறிய நீல வளையமும் தெரியும். பவளப் பாறைத் திட்டுகளின் மேல் கடல் ஆழம் குறைவு, அதனால் அந்த நிறம். மகன் அதைப் பார்த்து, "தீவுக்குப் பாவாடை கட்டிவிட்டிருக்கு" என்றான்.

போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல் ஆகிய இடங்களுக்கு இந்தியர்களுக்குத் தனி அனுமதி தேவையில்லை. எல்லோருடைய ஆதார் அட்டையும் கையில் இருக்கட்டும், குழந்தைகளுடையதும். படகிலும் விடுதியிலும் கேட்பார்கள். நிக்கோபார் தீவுகள் வேறு கணக்கு. சோழர் கல்வெட்டில் மாநக்கவாரம் என்று வருகிற அந்தத் தீவுகளைப் பார்க்க வேண்டும் என்று என் கணவருக்கு ரொம்ப நாள் ஆசை. அவை பழங்குடியினருக்கான பாதுகாக்கப்பட்ட பகுதி, சுற்றுலாவாகப் போக முடியாது.

படி 3: படகை முதலில், அறையைப் பிறகு

பெரும்பாலானவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள். பிடித்த விடுதியைப் பிடித்துவிட்டுப் படகு தேடினால், அந்த நாளுக்குக் காலைப் படகு நிரம்பியிருக்கும், மதியப் படகுதான் கிடைக்கும். மதியப் படகில் ஹேவ்லாக் போய் இறங்கினால் அன்றைய வெளிச்சம் முடிந்தது. அறை வாடகை மட்டும் மிச்சம். அதனால் விமானம் உறுதியானதும் மூன்று படகுகளையும் பதிவு செய்யுங்கள்: போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக், அங்கிருந்து நீல், நீலிலிருந்து போர்ட் பிளேர். முடிந்தால் மூன்றும் காலைப் படகு. அப்புறம் அறை.

அரசுப் படகும் உண்டு, தனியார் விரைவுப் படகும் உண்டு. அரசுப் படகு ஃபீனிக்ஸ் பே ஜெட்டியிலிருந்து கிளம்பும், கட்டணம் மிகக் குறைவு. ஹேவ்லாக்குக்கு இரண்டரை மணி நேரம் போல ஆகும். மேல்தளத்தில் நின்று காற்று வாங்கலாம். உள்ளூர்க்காரர்களுக்கு அதுதான் உயிர்நாடி, அதனால் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். தனியார் படகு ஹாடோ துறையிலிருந்து கிளம்பும். குளிர்சாதன வசதி உண்டு, நேரமும் குறைவு. ஆனால் மூடிய கூடத்துக்குள் உட்கார்ந்தே போக வேண்டும், கடல் கொஞ்சம் புரண்டாலும் வயிறு கலங்கும்.

வாந்தி விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் படகு துறையை விட்டுத் திறந்த கடலுக்கு வந்த இருபதாவது நிமிடம் முன்வரிசையில் ஒரு குழந்தை ஆரம்பித்தது. அதைப் பார்த்து இன்னொன்று. பணியாளர் கையில் கத்தையாகப் பைகளோடு வரிசை வரிசையாக ஓடினார். என் மகன் முகம் வெளுத்து என் மடியில் சாய்ந்தான். அத்தை எதுவும் பேசாமல் சுருக்குப் பையைத் திறந்து, உப்பில் ஊறிக் காய்ந்த நார்த்தங்காய்த் துண்டு ஒன்றை எடுத்து அவன் வாயில் வைத்தார். "கடிக்காதே, சப்பிக்கிட்டே இரு" என்றார். அவன் முகம் சுளித்தான், ஆனால் துப்பவில்லை. ஹேவ்லாக் வரை அந்த ஒரு துண்டோடு வந்து சேர்ந்தான். பின்வரிசைப் பெண்மணி கேட்க, அவருக்கும் ஒரு துண்டு போனது.

நான் சொல்வது இதுதான். இருக்கை எடுக்கும்போது கீழ்த்தளத்தில், படகின் நடுப்பகுதிக்கும் பின்பகுதிக்கும் இடையில் எடுங்கள். ஆட்டம் அங்கே குறைவு. காலையில் வெறும் வயிறும் வேண்டாம், பூரிக் கிழங்கும் வேண்டாம். இரண்டு இட்லி போதும். வழக்கமாகப் பயணத்தில் வாந்தி எடுப்பவர் என்றால் ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு மாத்திரை வாங்கி, படகு கிளம்ப ஒரு மணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள். ஆட்டம் தொடங்கிய பிறகு போட்டால் பெரிதாகப் பலன் இருக்காது. போனைப் பார்க்க வேண்டாம். ஜன்னல் வழியே தொடுவானம் தெரிந்தால் அதையே பார்த்துக்கொண்டிருங்கள். நார்த்தங்காய், இஞ்சி மொரப்பா, எலுமிச்சம்பழம் மூன்றில் ஏதாவது ஒன்று கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் அல்ல. பெட்டியை வேறு இடத்தில் அடுக்கிவிடுவார்கள்.

படி 4: அறை கேட்கும்போது

எங்களுக்குப் போர்ட் பிளேரில் கிடைத்த முதல் அறை மூன்றாம் மாடி. லிப்ட் இருக்கிறது என்றுதான் சொல்லியிருந்தார்கள். இருந்தது, ஓடவில்லை. அத்தை ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினார். மறுநாள் கீழே மாற்றிக் கொடுத்தார்கள் என்றாலும் அன்று இரவு அவருக்கு முழங்கால் வீங்கிவிட்டது. அதனால் பெரியவர்கள் உடன் இருந்தால் "தரைத்தளம் உண்டா" என்று போனில் கேட்டு, வாட்ஸ்ஆப்பில் எழுத்தாகவும் வாங்கிக்கொள்ளுங்கள். கரண்ட் போனால் ஜெனரேட்டர் உண்டா, ஜெட்டியிலிருந்து எவ்வளவு தூரம் என்றும் கேளுங்கள்.

படி 5: பெட்டியில் என்ன

நனைந்தாலும் வழுக்காத, பின்பட்டை வைத்த செருப்பு ஆளுக்கு ஒரு ஜோடி. இது இல்லாமல் பவளப் பாறை மேல் கால் வைத்தால் பாதம் கிழியும். முழுக்கைச் சட்டை, தொப்பி, டார்ச். மணல் ஈ என்று ஒன்று இருக்கிறது. கண்ணுக்கே தெரியாது, கடித்த இடம் ஒரு வாரம் அரிக்கும். கடற்கரைக்குப் போகும் முன் காலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் ஓரளவு தப்பிக்கலாம். பெரியவர்களின் மருந்துகளைப் பத்து நாளுக்குக் கணக்காக எடுங்கள். சின்னத் தீவுகளில் ஏ.டி.எம். சொற்பம், ரொக்கம் வேண்டும். சென்னையிலிருந்து கடலுக்கடியில் போட்ட கேபிள் 2020 ஆகஸ்டில் இயங்கத் தொடங்கியதிலிருந்து இணையம் முன்பைவிட எவ்வளவோ பரவாயில்லை என்கிறார்கள். ஆனாலும் பயணச்சீட்டுகளைக் காகிதத்திலும் அச்செடுத்து வைத்திருங்கள்.

படி 6: போர்ட் பிளேரில் சிறையை அவசரமில்லாமல் பாருங்கள்

இறங்கிய நாள் பிற்பகலிலேயே செல்லுலார் சிறைக்குப் போனோம். 1896இல் கட்டத் தொடங்கி 1906இல் முடித்தார்கள். நடுவில் ஒரு கோபுரம், அதிலிருந்து ஏழு கைகள் போல ஏழு கட்டடங்கள். இன்று மூன்றுதான் நிற்கின்றன. ஒரு கட்டடத்தின் அறைக் கதவுகள் அடுத்த கட்டடத்தின் முதுகைப் பார்த்தபடி இருக்கும். ஒரு கைதி இன்னொரு கைதியின் முகத்தைப் பார்க்கவே கூடாது என்று யோசித்துக் கட்டியது.

மகளைப் பாடப் புத்தகக் கேள்வி எதுவும் கேட்கவில்லை. ஒரு அறைக்குள் போனாள். நாலரை மீட்டர் நீளம், மூன்று மீட்டருக்கும் குறைவான அகலம். எட்டாத உயரத்தில் ஒரு சின்னத் திறப்பு. கதவின் தாழ்ப்பாள் வெளியே, சுவரில் பள்ளம் வெட்டி, உள்ளிருந்து கை எட்டாத தூரத்தில் வைத்திருக்கிறார்கள். அவள் கம்பி வழியே கையை நீட்டித் தாழ்ப்பாளைத் தொடப் பார்த்தாள். முடியவில்லை. தோள் வரை நுழைத்துப் பார்த்தாள். கையை உருவிக்கொண்டு வெளியே வந்தவள் ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை.

முற்றத்துக் கொட்டகையில் செக்கு இருக்கிறது. மாட்டுக்குப் பதில் மனிதனைப் பூட்டித் தேங்காய் எண்ணெய் ஆட்ட வைத்த செக்கு. அத்தை அதன் முன்னால் நின்று, "கோயம்புத்தூர் ஜெயில்ல வ.உ.சி. இழுத்ததும் இப்படித்தானே இருந்திருக்கும்" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கைப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார். குழந்தைகளும் கும்பிட்டார்கள். எங்களுக்கு அங்கே வழிகாட்டி அத்தைதான்.

மாலையில் ஒலி ஒளிக் காட்சி உண்டு. இந்தி, ஆங்கிலத்தில் நடக்கும். சின்னப் பையன் தூங்கிவிடுவான் என்று நாங்கள் போகவில்லை.

மறுநாள் காலை ராஸ் தீவு. அபர்தீன் ஜெட்டியிலிருந்து படகில் கால் மணி நேரம். 1858 முதல் ஆங்கிலேயர்கள் அங்கிருந்துதான் தீவுகளை ஆண்டார்கள். 1941 நிலநடுக்கமும் அதையடுத்து 1942இல் ஜப்பானியர் வந்ததும் அந்த ஊரை முடித்துவிட்டன. தேவாலயத்தின் சுவரையும் நடனக் கூடத்தின் சுவரையும் ஆலம் விழுதுகள் பின்னிப் பிடித்திருக்கின்றன. மான்கள் பக்கத்தில் வந்து நிற்கும். நடக்க முடியாதவர்களுக்கு மின்கல வண்டி இருக்கிறது, இறங்கியதும் அதைக் கேளுங்கள். அருங்காட்சியகங்களுக்கும் தீவுகளுக்கும் வார விடுமுறை வெவ்வேறு நாளில் வரும். முதல் நாளே விடுதியில் கேட்டு வைத்துக்கொண்டால் வீணாக அலைய வேண்டாம்.

அபர்தீன் பஜாரில் தமிழ் தாராளமாகக் கேட்கும். டீக்கடையில் இந்தியில் தடுமாறிக்கொண்டிருந்த என்னிடம் கடைக்காரர், "தமிழ்லயே கேளுங்கக்கா, நமக்கு ராமநாதபுரம் பக்கம்" என்றார். அவர் அப்பா காலத்திலேயே வந்தவர்களாம். ஊருக்குள் வெற்றிமலை முருகன் கோயில் இருக்கிறது. தைப்பூச வாரம் என்பதால் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அத்தைக்கு அந்த நிமிடத்திலிருந்து அது வெளியூராகத் தெரியவில்லை.

படி 7: ஹேவ்லாக்கில் ஒரு நாளை முழுக்க விட்டுவையுங்கள்

ராதாநகர் கடற்கரை தீவின் மேற்குப் பக்கம், ஜெட்டியிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் போல. மூன்று மணிக்கே அங்கே இருங்கள். நிழல் வேண்டுமென்றால் மரங்கள் மணல் விளிம்பு வரை வந்து நிற்கின்றன. மணல் மாவு போல இருக்கும், கடல் மெல்லச் சரிந்து ஆழமாகும். ஆனாலும் உயிர்காப்பாளர்கள் கொடி நட்ட எல்லைக்குள்தான் இறங்க வேண்டும். அங்குள்ள ஓடைகளிலும் சதுப்புக் காடுகளிலும் உப்புநீர் முதலைகள் உண்டு. 2010இல் ராதாநகரை ஒட்டிய ஒதுக்குப்புறமான இடத்தில் ஒரு சுற்றுலாப் பயணி முதலை தாக்கி இறந்திருக்கிறார். எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் குழந்தை அழுதாலும் இறக்காதீர்கள். திரும்பி வர ஆட்டோவை முன்கூட்டியே பேசி நிறுத்தி வையுங்கள். சூரியன் மறைந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்புவார்கள்.

பவளப் பாறை பார்க்க எலிஃபெண்ட் பீச் போகலாம். காலையில் படகு. முகமூடி போட்டு மிதந்தபடி பார்க்கலாம், நீச்சல் தெரிய வேண்டியதில்லை, கூடவே ஒருவர் பிடித்துக்கொண்டு வருவார். ஆனால் படகில் ஏறி இறங்க நல்ல முழங்கால் வேண்டும். அத்தையை அங்கே கூட்டிப் போனது எங்கள் தவறு. அடிக்கடி ஆடும் படகிலிருந்து இடுப்பளவு தண்ணீரில் இறங்க வேண்டியிருந்தது. அவர் இறங்கவில்லை, படகிலேயே உட்கார்ந்துவிட்டார். பெரியவர்களுக்கு விடுதிக்கு எதிரே அமைதியான கரையில் ஒரு நாற்காலி போதும்.

ஆழ்கடலில் மூழ்கிப் பார்க்கும் ஸ்கூபாவுக்குப் பொதுவாகப் பத்து வயது நிரம்பியிருக்க வேண்டும். மகளும் அவள் அப்பாவும் போனார்கள். முதலில் கரையோரம் மூச்சு விடப் பழக்குவார்கள், அந்தப் பயிற்சியில் பதற்றம் தெரிந்தால் நிறுத்திவிடச் சொல்லுங்கள், காசு போனால் போகிறது. சளி இருந்தால் வேண்டாம், காது அடைத்து வலிக்கும். ஆஸ்துமா, இதயக் கோளாறு இருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும். மூழ்கியபின் விமானம் ஏறக் குறைந்தது பதினெட்டு மணி நேரம் இடைவெளி விடுவது நல்லது. அதனால்தான் ஸ்கூபாவைப் பயணத்தின் நடுவில் வைக்கச் சொல்கிறேன்.

இரண்டாம் நாளில் காலை வேலை முடிந்தபின் மதியம் முழுக்க எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. மகன் மணலில் ஒரு துறவி நண்டைக் கண்டுபிடித்தான். வேறொரு சங்குக்குள் குடியிருக்கும் நண்டு. அது எங்கே போகிறது என்று பின்னாலேயே தவழ்ந்து போனான், ஒரு மணி நேரம். அத்தை நாற்காலியில் இருந்தபடியே, "இடப்பக்கம் போகுது பாரு" என்று வழி சொன்னார். அந்த ஒரு மணி நேரத்தில்தான் நானும் என் கணவரும் அந்தப் பயணத்தில் முதல் முறையாகச் சும்மா உட்கார்ந்து பேசினோம்.

படி 8: நீல் தீவில் வற்றம் பார்த்து இறங்குங்கள்

நீலில் பாறையே பாலம் போல வளைந்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. எல்லோரும் போவார்கள். ஆனால் கடல் வற்றியிருக்கும்போதுதான் அதன் அடிவரை நடந்து போக முடியும். கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி, இரண்டு முறை வற்றும். நேரம் தினமும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். இன்று நான்கு மணிக்கு வற்றம் என்றால் நாளை ஐந்து மணி போல. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் கடல் மிக அதிகமாக உள்வாங்கும். அஷ்டமி வாக்கில் அவ்வளவு வற்றாது. வற்றம் எத்தனை மணிக்கு என்று விடுதியிலோ ஆட்டோக்காரரிடமோ முதல் வேலையாகக் கேளுங்கள்.

நாங்கள் நீலில் இருந்தது தைப்பூசத்தன்று. பௌர்ணமி. பிற்பகல் மூன்றரைக்குப் போனபோது கடல் எங்கோ தள்ளி நின்றது. அடியில் கிடந்த பாறைத் தளம் முழுக்க வெளியே தெரிந்தது, அதில் சின்னச் சின்னக் குட்டைகள். ஒரு குட்டையில் கடல் அட்டை ஒன்று கறுப்பாகக் கிடந்தது. இன்னொன்றில் கண்ணாடி போன்ற மீன் குஞ்சுகள். உள்ளூர் வழிகாட்டி ஒருவர் குனிந்து, ஒரு சிப்பியின் மேல் நிழல் விழும்படி கையை அசைத்தார். நீலமும் ஊதாவும் கலந்த அதன் உதடு சட்டென்று மூடிக்கொண்டது. அவர் எதையும் தொடவில்லை, எங்களையும் தொட விடவில்லை. அப்படிப்பட்டவரைத் தேடிப் பிடியுங்கள். கையில் எடுத்துக் குழந்தைக்குக் காட்டுகிறவர் வேண்டாம்.

பாறையில் நடப்பதற்கு அத்தை இரு பக்கமும் எங்களைப் பிடித்துக்கொண்டார். பாலம் வரை வரவில்லை. பாதி வழியில், முழங்காலளவு இருந்த ஒரு பாறையில் உட்கார்ந்து, காலைக் குட்டைத் தண்ணீரில் வைத்துக்கொண்டார். திரும்பி வந்தபோது, தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்ததாகவும் வலி குறைந்ததாகவும் சொன்னார். கடல் ஏறத் தொடங்குமுன் கிளம்பிவிட வேண்டும், அதையும் வழிகாட்டியிடமே விட்டுவிடுங்கள்.

நீலில் காய்கறி நன்றாக விளைகிறது. கிழக்கு வங்கத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள்தான் அங்கே அதிகம். அன்று விரதம் என்பதால் அத்தைக்குச் சைவம் மட்டும் வேண்டும் என்றோம். ஒரு சின்னக் கடையில் கத்தரிக்காய் வறுவலும் பருப்பும் சோறும் போட்டார்கள். அந்தப் பயணத்தில் அவர் வயிறாரச் சாப்பிட்ட வேளை அதுதான்.

படி 9: செய்யாமல் விடவேண்டியவை

பாரடாங் சுண்ணாம்புக் குகைக்குப் போகும் சாலை ஜாரவா மக்களின் காட்டுக்குள்ளே போகிறது. சில நூறு பேர் மட்டுமே இருக்கும் பழங்குடி மக்கள். வாகனங்களை வரிசையாகக் காவலோடு அனுப்புவார்கள். நிற்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, உணவு கொடுக்கக் கூடாது. மீறினால் வழக்கு. அந்தக் காட்டுப் பகுதியில் சாலையை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2002இல் உத்தரவிட்டது, போக்குவரத்து நின்றபாடில்லை. "போற வழியில ஜாரவாவையும் பாக்கலாம் சார்" என்று ஒருவர் எங்களிடம் ஆசை காட்டினார். மனிதர்களை ஜன்னல் வழியே வேடிக்கை பார்க்கக் குழந்தைகளைக் கூட்டிப் போக எங்களுக்கு மனம் வரவில்லை. நீங்களும் அந்தச் சாலையைத் தவிர்த்துவிடுங்கள் என்றே கேட்டுக்கொள்கிறேன்.

பவளத் துண்டு, சங்கு, சிப்பி எதையும் கரையிலிருந்து எடுத்து வராதீர்கள். செத்த பவளமும் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது, விமான நிலையத்தில் பையைச் சோதித்துப் பறிமுதல் செய்வார்கள். கடைசி நாள் நீலில் ஜெட்டிக்குக் கிளம்பும் முன் குழந்தைகளின் பைகளைக் கவிழ்த்துப் பார்த்தேன். மகனின் கால்சட்டைப் பையில் ஒரு சின்னச் சங்கு. "அது காலி வீடும்மா, யாருமில்லை" என்றான். நாளைக்கு ஒரு நண்டு வீடு தேடி வந்தால் என்ன செய்யும் என்று அவன் அக்காதான் கேட்டாள். அவனே ஓடிப்போய் தண்ணீர் ஓரத்தில் வாய் மேலே தெரியும்படி வைத்துவிட்டு வந்தான்.

படி 10: வீடு திரும்பியபின்

வந்த மறுநாளே பள்ளிக்கும் வேலைக்கும் ஓடும்படி வைக்காதீர்கள். ஒரு நாள் துணி துவைக்கவும் தூங்கவும் வேண்டும். அந்த வாரம் முடிவதற்குள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து, எதை மாற்றியிருக்கலாம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். மாதம் கழிந்தால் படங்களில் இருப்பது மட்டும்தான் நினைவில் நிற்கும், முழங்கால் வீங்கியது மறந்துபோகும். அடுத்த பயணத்துக்கு வேண்டியது அந்தத் தாள்தான்.

எங்கள் தாளில் இருப்பவை: நீலில் இரண்டு இரவு. அத்தைக்கு எலிஃபெண்ட் பீச் வேண்டாம். நார்த்தங்காய் இரண்டு மடங்கு. போகும்போதே அபர்தீன் டீக்கடைக்காரருக்கு ஊரிலிருந்து கருவாடு. இந்தக் கடைசி வரியை எழுதியவர் என் கணவர்.

மகள் எழுதியது வேறு. ஹேவ்லாக்கில் இருட்டான இரவுகளில் அலை உடையும்போது கடல் நீலமாக ஒளிரும் என்று ஸ்கூபா சொல்லிக் கொடுத்தவர் அவளிடம் சொல்லியிருக்கிறார். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களின் ஒளி அது. நாங்கள் போனது பௌர்ணமி, நிலவு வெளிச்சத்தில் எதுவும் தெரியவில்லை. அமாவாசையை ஒட்டிப் போனால் கடலும் நன்றாக வற்றும், இரவும் இருட்டாக இருக்கும், இரண்டும் கிடைக்கும் என்று அவளே கணக்குப் போட்டாள். சமையலறையில் தொங்கும் தினக் காலண்டரைப் புரட்டி மாசி அமாவாசையைப் பார்த்தாள். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

"அமாவாசைக்குத் தாத்தாவுக்குப் படையல் போடாம எப்படிக் கிளம்புறது? மறுநாள் காலையில போட்டிங்கன்னா நானும் வரேன்."

மகள் அமாவாசைக்கு அடுத்த தாளின் ஓரத்தை மடித்து வைத்தாள்.